ஐப்பசித் தக்காளிச் சாகுபடி

ஐக்கிய சங்க அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்



தக்காளி நம் நாட்டுச் செடியன்று. தென் அமெரிக்காவின் மலைச்சரிவுகள் அதன் பூர்விகம். அவ்விடத்துக் குளிர்ந்த இரவுகளில் கொண்ட பழக்கத்தை இத்தனை காலத்திற்குப் பிறகும் அது விடவில்லை. இரவு உஷ்ணம் 15 முதல் 20 டிகிரி சென்டிகிரேடு வரை இருக்குமாயின் பூக்கள் செவ்வையாகப் பிஞ்சு பிடிக்கும். பகலில் 35 டிகிரிக்கு மேலும், இரவில் 24 டிகிரிக்கு மேலும் உஷ்ணம் ஏறுமாயின் மகரந்தம் வீரியம் இழந்து, பூக்கள் காம்போடு உதிர்ந்துவிடும். சித்திரை, வைகாசி மாதங்களில் செடி செழித்தும் காய் பிடியாமற் போவதற்குக் காரணம் இதுவே; கண்ணேறுமன்று, எருக்குறைவுமன்று. இதனை அறியாது யூரியாவை மேலும் மேலும் இடும் குடியானவர் இலையை வளர்க்கிறாரேயன்றிக் காயை வளர்ப்பதில்லை.

சமவெளி ஜில்லாக்களில் வெப்பம் தணியத் தொடங்குவது ஆவணிக் கடைசியிலும் புரட்டாசியிலுமாம். ஆனால் குளிர்ச்சி தனியே வருவதில்லை. வடகிழக்குப் பருவமழை சராசரியாக அக்டோபர் 20-ந் தேதியை ஒட்டித் தொடங்குகிறது. தமிழ்நாட்டின் வருஷ மழையில் ஏறக்குறையப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள 3 மாதங்களிலேயே பெய்துவிடுகிறது. ஆகவே பூவுக்கு நட்பான காலத்தின் பின்னாலேயே பழத்துக்குப் பகையான காலம் வந்து நிற்கிறது. இச்சாகுபடியின் லாபமும் நஷ்டமும் இவ்விரண்டிற்கும் நடுவே உள்ள சில வாரங்களைப் பொறுத்தவை.

2021-ம் வருஷம் நவம்பர் மாதத்துப் பெருமழையில் தோட்டங்கள் அழுகியபோது, சென்னையில் கிலோ 100 ரூபாய்க்கு மேல் தக்காளி விற்றது. கூட்டுறவுக் கடைகள் குறைந்த விலைக்கு விற்று ஜனங்களுக்கு உதவின. ஆயினும் தாழ்ந்த பூமியில் வடிகாலின்றிப் பயிரிட்டவருக்கு அவ்விலையால் யாது பிரயோஜனம்? பழம் கையிலிருந்தவருக்கே விலை, ஏனையோருக்குக் கடன்.

எல்லா ஊருக்கும் இது ஏற்ற பயிரன்று. கோயம்புத்தூர், உடுமலைப்பேட்டை, ஒட்டன்சத்திரம், தர்மபுரி, கிருஷ்ணகிரி முதலிய மேற்குப் பிரதேசங்களில் ஐப்பசி மழை கரையோரத்தைவிடக் குறைவு. அங்கே துணிந்து செய்யலாம். கரையோரத்தாரும் காவிரி டெல்டாவின் களிமண் பூமியினரும் இதை விட்டு, கார்த்திகைக் கடைசியில் நாற்று விட்டு மாசியில் பழம் எடுப்பதே புத்தி. சங்கப் பஞ்சாயத்தார் கடன் மனுக்களைப் பார்க்கும்போது நிலம் மேடா பள்ளமா என்று நேரில் கண்டறிவது, ஜாமீன் பார்ப்பதைக் காட்டிலும் முக்கியமாகும்.

இனிக் கணக்கு. ஆடி முதல் வாரத்தில் விதைத்தால் 25 நாளில், அதாவது அம்மாதக் கடைசிக்குள், நாற்று நடவுக்குத் தயாராகும். நட்ட 25 அல்லது 30 நாளில், ஆவணிக் கடைசியில், பூவெடுக்கும். நட்டு இரண்டு மாதம் சென்றதும் முதற்பழம் சிவக்கத் தொடங்கும். அப்பொழுது ஐப்பசி பிறந்திருக்கும். விதைப்பு மூன்று வாரம் தாமதித்தால் முதற்பறிப்பே அடைமழையில் அகப்படும்.

விதையைப் பற்றியும் சொல்லவேண்டும். பெரியகுளத்திலிருந்து வெளியான பி.கே.எம். 1 என்னும் ரகம், அண்ணஞ்சி என்ற நாட்டு ரகத்தினின்றும் உண்டாக்கப்பட்டது. தூரதேசத்துக்கு அனுப்பத் தகுந்தது. பெங்களூர் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தாரின் அர்க்கா ரக்ஷக் என்னும் ஒட்டு ரகம் இலைச்சுருட்டு, வாடல், இலைக்கருகல் ஆகிய மூன்று நோய்களையும் தாங்கும் சக்தி உடையது. ஆனால் ஒட்டு ரகத்தின் பழத்திலிருந்து எடுத்த விதை தாயைப்போல் விளையாது. வருஷந்தோறும் பணங்கொடுத்தே வாங்கவேண்டும். பி.கே.எம். 1-க்கு அச்செலவில்லை. நோயற்ற செடியில் நன்கு பழுத்ததைப் பிசைந்து ஒருநாள் புளிக்கவிட்டு, அலசி, நிழலில் உலர்த்தி வைக்கலாம். ஏக்கருக்கு சுமார் 140 கிராம் போதும். 2 அடிக்கு ஒன்றரை அடி இடைவெளியில் நட்டால் சுமார் 15,000 நாற்றுகள் செல்லும்.

ஆடி மாதத்து நாற்றங்காலுக்குச் சத்துரு இருவர். ஒருவர் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஆடிக்காற்று இளநாற்றின் கழுத்தை முறித்துவிடும். மற்றவர் வெள்ளை ஈ. இலைச்சுருட்டு விஷக்கிருமியைச் செடிக்குச் செடி கொண்டுசெல்வது இவ்வீயே. நாற்றுப் பருவத்தில் இந்நோய் பற்றிய செடி காய்க்குமென்று காத்திருப்பது வீண். ஆகையால் அரையடி உயர்ந்த மேட்டுப்பாத்தியில் விதைத்து, நெருங்கிய கண்ணுள்ள நைலான் வலையால் கூடாரம்போல் மூடிவைக்கவேண்டும். தோட்டத்தைச் சுற்றி இரண்டு வரிசை சோளம் அல்லது மக்காச்சோளத்தை முன்னதாகவே விதைத்துவிட்டால், அது காற்றையும் தடுக்கும், ஈயையும் தடுக்கும். தட்டு மாட்டுக்கு ஆகும். நாற்றைத் தொடுமுன் புகையிலை போடுவோர் கையைச் சோப்பிட்டுக் கழுவுவது அவசியம். தேமல் நோய் கைவழியாகப் பரவுவது பலருக்குத் தெரியாது.

கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு, புகையிலை இவற்றுக்குப் பின் அதே நிலத்தில் தக்காளி வைக்கலாகாது. அவை ஒரே குடும்பத்தவை, நோயும் பொது. ஏக்கருக்கு 10 டன் மக்கிய தொழுவுரம் இடவேண்டும். காய்ப்புழுவுக்குத் துலுக்கச் சாமந்தி நல்ல உபாயம். 40 நாள் வயதுள்ள சாமந்தி நாற்றை 25 நாள் வயதுள்ள தக்காளி நாற்றுடன், 16 வரிசைக்கு ஒரு வரிசை வீதம் ஒரே நாளில் நட்டால், அந்துப்பூச்சி சாமந்தி மொட்டைத் தேடிச்சென்று முட்டையிடும். ஆயுதபூஜைச் சமயத்தில் அப்பூவுக்கு விலையும் உண்டு.

மழைக்காலத் தக்காளியில் மனத்தைக் கொடுக்கவேண்டிய வேலை ஊன்றுகோல் நாட்டுவதாம். பழம் மண்ணைத் தொட்டால் அழுகும். இலை மண்ணைத் தொட்டால் மழைத்துளி தெறித்து நோய் ஏறும். சவுக்குக் கழிகளை ஊன்றிக் கம்பியோ கயிறோ கட்டிச் செடியைத் தூக்கிவிட்டு, அடியிலைகளைக் கிள்ளிவிடவேண்டும். இச்செலவுக்கு அஞ்சுவோர் பலர். கழிகளைச் சங்கமே மொத்தமாக வாங்கி அங்கத்தினர்களுக்கு வாடகைக்குக் கொடுத்தால், ஒரு கொள்முதல் பல போகங்களுக்குப் பயன்படும். பார்களை உயர்த்தி, கடைமடையில் வடிகாலை மழைக்கு முன்பே வெட்டிவைப்பது செலவில்லாத காரியம். ஆயினும் அதுவே அதிகமாக மறக்கப்படுகிறது. இலையில் வளையம் வளையமாய்க் கருகல் கண்டவுடன் லிட்டருக்கு 2 கிராம் மான்கோசெப் கலந்து, மழைவிட்ட வேளையில் தெளிக்கலாம். காயவிட்டுத் திடீரென்று நீர் பாய்ச்சினால் பழம் வெடிக்கும், அடிப்புறம் கறுக்கும். ஆகையால் புரட்டாசியில் ஒரே சீராக ஈரம் காக்கவேண்டும். மேகம் திரளும்போது, நிறம் திரும்பிய காய்களை அன்றே பறித்து வீட்டில் பழுக்கவைப்பது நலம்.

விற்பனையில்தான் பெரும்பாலோர் ஏமாறுகின்றனர். 2023-ம் வருஷம் ஜூலையில் விலை 100 ரூபாயைத் தாண்டியது. அரசாங்கம் நியாயவிலைக் கடைகளிலும் 60 ரூபாய்க்கு விற்க நேர்ந்தது. இப்படிப்பட்ட விலையைக் கண்டு எல்லோரும் ஒரே வாரத்தில் நடுவார்களாயின், மூன்று மாதம் சென்று எல்லாப் பழமும் ஒரே சந்தையில் குவியும். பறிகூலிக்கும் காணாமல் சாலையோரத்தில் கொட்டியவர்களைக் காணாத ஊர் மேற்கு ஜில்லாக்களில் அரிது. ஆகையால் சங்கத்தார் ஆனி மாதத்திலேயே கூடி, யார் எந்த வாரத்தில் எவ்வளவு நிலத்தில் நடுவதென்று முறைவைத்துப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளவேண்டும். ஒருவருக்கு அரை ஏக்கருக்குமேல் இதற்கென்று கடன் கொடாமலிருப்பது நல்லது. மண்டி வியாபாரியிடம் முன்பணம் வாங்கினவர் அவர் சொல்லும் விலைக்கே போடக் கட்டுப்படுகிறார். சங்கக் கடன் வாங்கினவர் ஒருநாள் மண்டிக்கும், மறுநாள் 1999-ல் ஏற்பட்ட உழவர் சந்தைக்கும் கொண்டுபோகலாம். சாக்கில் கட்டாமல் பிளாஸ்டிக் கூடைகளில், பெரிதும் சிறிதும் பிரித்து, வெடித்ததை அறவே ஒதுக்கி அனுப்பவேண்டும். வெடித்த ஒரு பழத்தின் சாறு வழிந்தால், விடியற்காலையில் சந்தை சேருவதற்குள் கூடை முழுதும் ஈரமாகிவிடும்.