இயக்கச்சிக்குச் சென்று வந்தோம்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழாவிலே சமயமும் தமிழும் பேசுவது நமது வழக்கம். இன்று நாய்களைப் பற்றிப் பேச எழுந்திருக்கின்றோம். முன்வரிசையில் இருக்கும் பெரியோர் சிலர் புன்முறுவல் செய்வது தெரிகின்றது. பொறுத்தருள வேண்டும்.

சென்ற மாதம் ஒரு நாட் காலை, வாசிகசாலைக் கிணற்றடிக்குப் பின்னால் ஓர் உரப்பை கிடந்தது. வாய் கட்டியிருந்தது. உள்ளே மூன்று நாய்க்குட்டிகள், மூன்றும் பெட்டை. கண் திறந்து சில நாட்களே ஆகியிருக்கும். கடுவன் குட்டிகளை வீட்டிலே வைத்துக்கொண்டு பெட்டைகளை மாத்திரம் பையிலே கட்டி எறிந்திருக்கின்றார்கள் என்பது பார்த்தவுடனே விளங்கிற்று. யார் செய்தது என்று நாம் விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் நம்மில் ஒருவருடைய படலையில் போய் நிற்க நேர்ந்திருக்கும் என்ற அச்சமே காரணம்.

என்ன செய்வது என்று கூடி யோசித்தபோது ஒருவர், “இயக்கச்சியிலே நாய்களுக்கென்று ஒரு சரணாலயம் இருக்கின்றதே, அங்கே கொண்டுபோய் விட்டால் நமது கடமை தீர்ந்தது” என்றார். எல்லோருக்கும் அது மிகவும் நல்ல யோசனையாகத் தோன்றிற்று. ஒரு மூடை அரிசியும் சேர்த்துக்கொண்டு, குட்டிகளை ஒரு கடகத்திலே வைத்து, ஞாயிற்றுக்கிழமை வான் பிடித்துப் புறப்பட்டோம்.

கண்டி வீதி வழியே நாவற்குழிப் பாலத்தைக் கடந்து, திருவாசக அரண்மனையைத் தரிசித்து, கொடிகாமம், மிருசுவில், பளை என்று தென்னந்தோப்புகளுக்கூடாகச் சென்றால் ஆனையிறவுக்கு முன்னே வருவது இயக்கச்சி. அங்கேதான் செஞ்சொற்செல்வர் ஆறு. திருமுருகன் அவர்களைத் தலைவராகக் கொண்ட சிவபூமி அறக்கட்டளையினர் கைவிடப்பட்ட நாய்களுக்கு இல்லம் அமைத்திருக்கின்றார்கள். திருவாசக அரண்மனையும் அவர்களுடையதே. திருவாசகத்தைக் கருங்கல்லிலே பொறித்த கைகளே கட்டாக்காலி நாய்க்குச் சோறும் வைக்கின்றன.

வானை விட்டு இறங்குமுன்னே குரைப்பொலி எழுந்தது. கடிக்க வருமோ என்று நம்முடைய இளைஞர்கள் இருவர் பின்வாங்கினர். அருகே சென்ற பின்னரே அது கோபக் குரல் அன்று என்பது தெரிந்தது. கம்பி வேலியிலே முன்னங்காலை வைத்து எழுந்து நின்று, வருகின்ற ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தன. வாகனத்தில் அடிபட்டு மூன்று காலோடு நின்றது ஒன்று. சொறி பிடித்து மயிர் கொட்டிப் பின் தேறி வந்தது ஒன்று. ஒரு கிழட்டு நாய் மாத்திரம் எழுந்து வரவில்லை; படுத்தபடியே தலையை உயர்த்தி நமது முகங்களைப் பார்த்தது, பின் தலையைத் தாழ்த்திக்கொண்டது. அதன் கழுத்தைச் சுற்றி, நெடுநாள் பட்டி கட்டியிருந்த தழும்பு வெண்மையாகத் தெரிந்தது.

அன்பர்களே, அந்தத் தழும்புதான் நமக்குச் சுருக்கென்றது. தெருவிலே பிறந்த நாய்க்குக் கழுத்துப் பட்டி ஏது? ஒரு வீட்டில் அதற்குப் பெயர் இருந்திருக்கும். பிள்ளைகள் பாடசாலை விட்டு வரும் நேரம் அதற்குத் தெரிந்திருக்கும். வீட்டார் வெளிநாடு போயிருக்கலாம், வளவை விற்றிருக்கலாம், கிழடாயிற்று என்று கைகழுவியிருக்கலாம்.

“மனிதருக்கே வழியில்லாத நாட்டிலே நாய்க்கு இல்லமா?” என்று கேட்பவர் உளர். 1860இல் இலண்டனிலே மேரி டீல்பி என்ற அம்மையார் தெருநாய்களுக்கு ஓர் இல்லம் தொடங்கியபோது அங்குள்ள பத்திரிகைகளும் இவ்வாறே பரிகசித்தன. பற்றர்சி என்ற இடத்துக்குப் பின்னர் பெயர்ந்த அவ்வில்லம் இன்றும் நடக்கின்றது; பரிகசித்தவர்களை யாருக்குத் தெரியும்? இயக்கச்சியிலே நாய்க்கு இடம் கொடுத்தவர்களே கோண்டாவிலிலே சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்குப் பாடசாலையும் நடத்துகின்றார்கள். நாய்க்கு இரங்குகின்றவன் மனிதனை மறந்துவிடுவான் என்பது அநுபவத்தோடு பொருந்தாத பேச்சு.

அது கிடக்க, விசர்நாய்க்கடி மனிதருடைய காரியம் அல்லவா? 1973ஆம் ஆண்டிலே இலங்கையில் அந்நோயால் 377 பேர் மாண்டனர். நாய்களுக்குத் தடுப்பூசி போடும் வேலை பரவியதால் அத்தொகை அண்மைக் காலத்திலே மிகவும் குறைந்திருக்கின்றது, ஆயினும் அற்றுப்போகவில்லை. நோய்க்குறி தோன்றிவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லை. உலகிலே இந்நோயால் இறப்பவருள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு அது நாயிடமிருந்தே வருகின்றது. ஊரிலுள்ள நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்கு ஊசி போட்டுவிட்டால் நோய் பரவுதல் அறுபடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. கடிபட்டவர் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிலே பதினைந்து நிமிடம் கழுவி உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பிக்கொண்டு வீட்டில் இருப்பவர்கள் இன்னும் நம்மூரில் உண்டு. அவர்களைப் பிள்ளைகள்தாம் இழுத்துக்கொண்டு போகவேண்டும்.

“பிடித்துக் கொன்றுவிட்டால் தீர்ந்தது” என்பது பழைய வழி. 1893ஆம் ஆண்டின் விசர்நாய்ச் சட்டம் முதற்கொண்டு நாட்டிலே அதுவே நடந்தது. ஒரு சந்தியிலே பத்து நாயைக் கொன்றால், அங்கே கொட்டிக் கிடக்கும் எச்சிற் சோற்றுக்கு அடுத்த சந்தியிலிருந்து பத்து வரும். அவற்றுக்கு ஊசியும் போட்டிராது. 2006இல் அரசாங்கம் கொல்வதை நிறுத்தும் கொள்கையை மேற்கொண்டது. சென்னையிலோ, விமானியாக இருந்த கப்டன் சுந்தரம் தொடங்கிய நீலச் சிலுவைச் சங்கத்தார் 1964 முதலே நாய்களுக்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே திரும்ப விடலாம் என்று சொல்லிவந்தனர். மாநகராட்சி அதற்கு இணங்கியது 1996இலே. முப்பத்திரண்டு ஆண்டுகள்! நல்ல காரியத்துக்கு இவ்வளவு பொறுமை வேண்டியிருக்கின்றது.

நம்முடைய பெரியோருக்கு இதெல்லாம் புதிது அன்று. ஒழுங்கைக்கு ஒரு வைரவர் வைத்திருக்கும் நாடு இது. வடைமாலை சாத்துகின்றோம், அவருடைய வாகனம் வாசலில் வந்து நின்றால் கல் எடுக்கின்றோம். மகாபாரதத்தின் கடைசியிலே தருமர் நாயை விட்டுவிட்டுச் சுவர்க்கம் புக மறுத்த கதை யாவரும் அறிந்தது. அந்நூலின் தொடக்கத்திலும் ஒரு நாய் வருவதைப் பலர் கவனிப்பதில்லை. சனமேசயன் வேள்வி செய்யும் இடத்துக்கு வந்த ஒரு நாயை அவன் தம்பியர் அடித்து விரட்டினர். அது அவியுணவை நக்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை. அதன் தாய் சரமை வேள்விச்சாலைக்கே வந்து, “குற்றஞ் செய்யாத என் பிள்ளையை ஏன் அடித்தீர்?” என்று கேட்டாள். அரசர் கூட்டத்திலே ஒருவரும் வாய் திறக்கவில்லை என்கின்றது கதை.

இனி ஒன்று சொல்லவேண்டும். சொல்வதற்குக் கூச்சமாகவே இருக்கின்றது. 1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி இரவு இதே கண்டி வீதியாலே நாமெல்லாம் போனோம். எங்கள் வீட்டு நாயும் பின்னே வந்தது. நாவற்குழிப் பாலத்துக்கு இப்பால் வரை வந்ததைக் கண்டோம்; பிறகு சனநெரிசலிலே காணவில்லை. நின்று தேடக்கூடிய இரவு அல்ல அது. கிழவர்களையும் குழந்தைகளையும் கொண்டுபோய்ச் சேர்ப்பதே பெரும்பாடு. அடுத்த ஆண்டு திரும்பி வந்து படலையைத் திறந்தபோது வளவு வெறிச்சோடிக் கிடந்தது. நாங்கள் அன்று விட்டுப் போனதற்கு நியாயம் இருந்தது. இன்று உரப்பையைக் கட்டுகின்றவருக்கு என்ன நியாயம் இருக்கின்றது?

சரணாலயத்திலே அரிசி மூடையை இறக்கிக் கொடுத்தோம். வானிலே கடகம் இருந்தது. குட்டிகள் பசியிலே முனகிக்கொண்டிருந்தன. அங்குள்ளவர்கள் வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அந்தக் கிழட்டு நாயைப் பார்த்த பின்னர் ஒருவருக்கும் கடகத்தை எடுத்து நீட்டக் கை வரவில்லை. கொண்டுவர யோசனை சொன்னவரே, “ஒன்றை நான் கொண்டுபோகின்றேன்” என்றார். பளை தாண்டுமுன்னே மற்ற இரண்டுக்கும் வீடு கிடைத்துவிட்டது. ஒரு வீட்டிலே அம்மா ஏசியதாகக் கேள்வி. இப்பொழுது சோறு குழைத்து வைப்பது அவரே.

மூன்றுக்கும் ஊசி போட்டாயிற்று. ஆறு மாதம் நிறைந்ததும் மிருக வைத்தியரிடம் கொண்டுசென்று கருத்தடை செய்விப்பதற்கு வீட்டார் இசைந்திருக்கின்றனர். அச்செலவைச் சங்கம் ஏற்கின்றது. ஊரிலே பெட்டை நாய் வளர்க்கும் எந்த வீட்டாரும் இவ்வுதவியைக் கேட்கலாம். பெயர் பதிவதற்குக் கொப்பியோடு பொருளாளர் வாசலில் இருப்பார். பிரசாதம் வாங்கப் போகும்போது அவரையும் பார்த்துச் செல்லுங்கள்.