மாஸ்ரர் எழுதிவைத்த பெயர்கள்

(சபையின் ஆண்டு நிறைவு நன்றி ஆராதனையில் ஆற்றிய நினைவுரை)



இந்த நன்னாளில் மாஸ்ரரைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி சபைச் செயலாளர் என்னைக் கேட்டுக்கொண்டார். வட்டுக்கோட்டைப் பகுதியில் முப்பது வருடங்களுக்கு மேல் கணிதமும் தமிழும் படிப்பித்தவர் அவர். இங்கே ரொறன்ரோவுக்கு வந்த பிறகும் சனிக்கிழமை தோறும் ஆலய மண்டபத்தில் எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தார். அவருடைய முழுப்பெயரே மரண அறிவித்தலைப் பார்த்தபோதுதான் எங்களில் பலருக்குத் தெரிந்தது. பெரியவருக்கும் சிறியவருக்கும் அவர் மாஸ்ரர்தான்.

அவர் விட்டுச்சென்ற சொத்து பதினொரு சீ.ஆர். கொப்பிகள். இந்தச் சபையில் உள்ள குடும்பங்களின் வழிமுறையை அவர் அவற்றில் எழுதி வைத்திருக்கிறார். சில குடும்பங்களுக்கு ஏழு தலைமுறை வரை இருக்கிறது. அமெரிக்க மிஷனரிமார் 1816 இல் யாழ்ப்பாணம் வந்து ஊழியத்தைத் தொடங்கினார்கள். அதற்குப் பின் யார் ஞானஸ்நானம் பெற்றார், யார் எந்தப் பாடசாலையில் படித்தார், யார் மலாயாவுக்கு உத்தியோகம் பார்க்கப் போனார் என்று கேட்டுக் கேட்டு எழுதியிருக்கிறார்.

பிள்ளைகளே, அந்தக் கொப்பிகளைத் திறந்தால் சில பெயர்கள் பென்சிலிலும் சில பெயர்கள் பேனையாலும் எழுதப்பட்டிருப்பதைக் காண்பீர்கள். அது அவருடைய சட்டம். ஒருவர் மட்டும் சொன்னால் பென்சில். இன்னொருவரும் அதையே சொன்னால், அல்லது ஆலயப் பதிவேட்டிலோ கல்லறையிலோ இருந்தால், பேனை. இரண்டு மூன்று சாட்சிகள் வேண்டும் என்று வேதாகமத்தில் இருக்கிறதல்லவா, அதைத்தான் அவர் கடைப்பிடித்தார். கணித வாத்தியார் அல்லவா, விடை சரியாக வந்தாலும் செய்கை காட்ட வேண்டும் என்பார்.

அவர் விசாரிக்கிற விதமும் அழகு. வயதானவர்களிடம் போய், "உங்கட பூட்டியின்ர பேர் என்ன?" என்று நேரே கேட்கமாட்டார். "உங்கட வீட்டுக் கிணறு எந்தப் பக்கம் இருந்தது? ஆர் தண்ணி அள்ளுறது?" என்று தொடங்குவார். கிணற்றடிக்குப் போனால் அங்கே ஆச்சி நிற்பார், சின்னம்மா நிற்பார், பெயர்கள் தானாக வரும். ஞாபகம் மங்கிப்போன முதியவர்கள் காலையில் சாப்பிட்டதை மறந்தாலும் சின்ன வயதுச் சம்பவங்களைச் சொல்வதைத் தாதியாக நான் தினமும் பார்க்கிறேன். மாஸ்ரர் எந்தப் படிப்பும் இல்லாமல் அதைத் தெரிந்து வைத்திருந்தார்.

எங்கள் குடும்ப வழிமுறையைத் தேடுவது சுலபமான வேலை அல்ல. எங்களுக்கு நிலையான குடும்பப் பெயர் இல்லை. அப்பாவின் பெயரே பிள்ளைக்கு முன்பெயர், அடுத்த தலைமுறையில் அது மாறிவிடும். போதாக்குறைக்கு அந்த நாளில் மிஷன் விடுதிப் பாடசாலையில் சேர்ந்த பிள்ளைகளுக்கு, அவர்கள் படிப்புக்குப் பணம் அனுப்பிய அமெரிக்க நன்கொடையாளரின் பெயரை வைப்பது வழக்கம். அப்படித்தான் வட்டுக்கோட்டைச் செமினரியில் ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை என்ற பெயர்கள் வந்தன. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவர் இரண்டு அமெரிக்கப் பெயர்களோடு வெளியே வந்தால், பிற்காலத்தில் அவர்கள் சகோதரர் என்று யாருக்குத் தெரியும்? மாஸ்ரர் அந்த முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளையும் ஓர் ஆசிரியர். நானூறுக்கு மேற்பட்ட புலவர்களின் வரலாற்றைத் திரட்டி 1886 இல் 'பாவலர் சரித்திர தீபகம்' என்ற நூலாகத் தந்தவர். "அவர் புலவர்களை எழுதினார். நான் புலவர் இல்லாத ஆக்களை எழுதுறன்" என்று மாஸ்ரர் சிரித்துக்கொண்டே சொல்வார்.

பழைய குறிப்புகளில் அவரை மிகவும் வருத்தியது பெண்களின் பெயர் இல்லாததுதான். இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டும் இருக்கும். உடுவிலில் 1824 இலேயே பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கிய மண்ணில், பெற்று வளர்த்த தாயின் பெயர் ஏட்டில் இல்லை. மத்தேயு முதலாம் அதிகாரத்தை எடுத்துக் காட்டுவார். அங்கே தாமார் இருக்கிறாள், ராகாப் இருக்கிறாள், ரூத் இருக்கிறாள். "ஆனால் பாருங்கோ, நாலாவது பெண்ணை உரியாவின் மனைவி என்றுதான் எழுதியிருக்கு. பத்சேபாள் என்ற பேரை நாங்கள்தான் வேறிடத்தில் தேட வேணும்" என்பார். எங்கள் பத்சேபாள்மாரைத் தேடி அவர் எத்தனை வீட்டுப் படி ஏறினார் என்பது இங்கே இருக்கும் அம்மாமாருக்குத் தெரியும்.

தாதியாக அந்தக் கொப்பிகளை வாசித்தபோது என் கண் வேறு சில வரிகளில் நின்றது. பிள்ளைப்பேற்றில் இறந்தார். வாந்திபேதி. நெருப்புக்காய்ச்சல். பெண் குழந்தை, பெயரிடவில்லை, ஆறு நாள். ஆறு நாள் மட்டும் வாழ்ந்த குழந்தைக்கும் அவர் ஒரு வரி ஒதுக்கியிருக்கிறார். அந்தத் தாய் மறந்திருக்கமாட்டாள், ஆகையால் நாங்களும் விடக்கூடாது என்பது அவர் எண்ணம்.

என் வேண்டுகோளின்பேரில் பிற்காலத்தில் ஒவ்வொருவருக்கும் எதிரே இறந்த வயதையும் நோயையும் அவர் குறிக்கத் தொடங்கினார். ஆஸ்பத்திரியில் உங்களிடம் குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் என்று கேட்பது சும்மா அல்ல. அப்பாவுக்கோ கூடப்பிறந்த சகோதரனுக்கோ 55 வயதுக்கு முன், அம்மாவுக்கோ சகோதரிக்கோ 65 வயதுக்கு முன் இருதய நோய் வந்திருந்தால், உங்களுக்கும் வரும் வாய்ப்புக் கூடுதல் என்று வைத்தியர்கள் கணக்கெடுப்பார்கள். ஒரு பக்கத்தில் அண்ணன் தம்பி மூவர் ஐம்பது வயதுக்கு முன் மாரடைப்பால் போனது தெரிந்தது. அதைப் பார்த்த அவர்களில் ஒருவரின் மகன் டொக்டரிடம் போய்ச் சோதித்து, கொழுப்புக்கு மருந்து எடுக்கிறார். அவருடைய சம்மதத்தோடு இதைச் சொல்கிறேன். இன்று காலை அவர் பாடகர் குழுவில் நின்று பாடியதைக் கேட்டீர்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் போனால் மாஸ்ரருக்கு நான் உண்மையாக இருந்தவளாகமாட்டேன். கலியாணம் பேசும்போது சிலர் அவரிடம் இரகசியமாக வருவார்கள். "மாஸ்ரர், அவை ஆர் ஆக்கள்?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குள் எந்தக் கேள்வி ஒளிந்திருக்கிறது என்று இங்கே பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும். தேத்தண்ணி கொடுத்து உபசரிப்பார். கொப்பியை மட்டும் திறக்கமாட்டார். "அவை கர்த்தருடைய ஆக்கள். வேற என்ன தெரிய வேணும்?" என்பார். கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. ஒருவரை உயர்த்தி ஒருவரைத் தாழ்த்துவதற்கு வழிமுறை பார்ப்பவன் மோவாபியப் பெண்ணான ரூத்தை வெட்டிவிடுவான், அவளை வெட்டினால் தாவீது இல்லை என்று அவர் ஞாயிறு பாடசாலையில் சொன்னதை என் மகள் இன்னும் மறக்கவில்லை. ஒருவரும் விடுபடக்கூடாது என்பதற்காகத்தான் அவர் எழுதினார்.

ஏன் இவ்வளவு அவசரமாக எழுதினார் என்றும் நினைத்துப் பாருங்கள். யாழ்ப்பாண நூலகம் 1981 ஜூன் மாதத் தொடக்கத்தில் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமத்துச் சனம் எல்லாம் ஒரே இரவில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போனது. பலர் காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். மாஸ்ரர் கொப்பிகளைப் பொலித்தீனில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு மழையில் நடந்தார். வீட்டோடு விட்டுவந்த ஆவணங்கள் பல குடும்பங்களுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. அவர்களில் சிலருக்குப் பூட்டன் பூட்டியின் பெயர் இன்று இந்தக் கொப்பிகளில் மட்டுமே இருக்கிறது.

இப்போது அந்தக் கொப்பிகளை அவருடைய மகள் சபையிடம் ஒப்படைத்திருக்கிறார். பக்கங்களைப் படம் பிடித்துக் கணினியில் சேர்க்கும் வேலையை வாலிபர் சங்கம் தொடங்கிவிட்டது. ஆனால் கணினியால் செய்ய முடியாத வேலை ஒன்று உண்டு. நான் எண்ணிப் பார்த்தேன், பென்சிலிலேயே நிற்கும் பெயர்கள் 214. அவற்றுக்கு இரண்டாம் சாட்சி வேண்டும். அந்தச் சாட்சிகள் இன்று எண்பதும் தொண்ணூறும் கடந்த எங்கள் அப்பம்மா, அம்மம்மா, பெரியப்பாமார். சிலர் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள், சிலர் முதியோர் இல்லத்தில் படுக்கையில் இருக்கிறார்கள். அவர்களை நாங்கள் எத்தனை காலம் வைத்திருப்போம் என்பது தேவனுக்குத் தெரியும்.

ஆகையால் பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு வீட்டுவேலை. இந்த வாரம் உங்கள் வீட்டில் வயது கூடியவரிடம் போங்கள். தொலைபேசியிலும் கேட்கலாம். கிணறு எந்தப் பக்கம் என்று தொடங்குங்கள். அம்மாவின் அம்மாவின் அம்மாவுடைய பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். தமிழில் எழுத வேண்டும், மாஸ்ரர் அதைத்தான் உங்களுக்குப் படிப்பித்தார். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளலாம். பெரியவர்களே, பிள்ளை வந்து கேட்டால் "அதெல்லாம் இப்ப ஏன்?" என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். கசப்பான கதை இருந்தால் அதற்கும் ஒரு வரி உண்டு.

மாஸ்ரரின் பெயரைக் கடைசிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அவருடைய மகளும் நானும் எழுதினோம். அவருடைய தாயின் பெயரையும் சேர்த்து எழுதினோம். இரண்டு சாட்சிகள் இருந்தபடியால் பேனையாலேயே எழுதினோம்.

இப்படிப்பட்ட ஓர் ஆசிரியரை எங்களுக்குத் தந்த தேவனுக்கு ஸ்தோத்திரம். அவர் தொடங்கிய வேலையை முடிக்கும் பெலனைக் கர்த்தர் எங்களுக்கும் எங்கள் பிள்ளைகளுக்கும் தருவாராக. ஆமென்.