பாட்டிழந்த பறவை



ஆத்திரேலியாவின் தென்கிழக்குக் காடுகளில் கருமையும் மஞ்சளும் கலந்த தேனுண்ணும் பறவையினம் ஒன்று உண்டு. ஒருகாலத்தில் பெருங்கூட்டமாய்ப் பறந்த அவ்வினத்தில் இன்று எஞ்சியவை சில நூறே. அவற்றிற்கு நேர்ந்த மற்றோர் இழப்பை 2021-இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. இளஞ்சேவல்கள் தம் இனப்பாட்டைப் பிறக்கும்போதே கொண்டு வருவதில்லை. மூத்த சேவல்கள் பாடக் கேட்டே கற்கின்றன. மூத்தவை அருகில் இல்லாதபோது வேற்றினப் பறவைகளின் பாட்டைக் கற்கின்றன. நூற்றுக்குப் பன்னிரண்டு சேவல்கள் பிறவினப் பாட்டையே பாடின. முறைபிறழப் பாடும் சேவல்களுக்குப் பெடைத்துணை வாய்ப்பதும் அரிதாயிற்று. சிறகு குருதிவழி வருகிறது. பாட்டோ செவிவழி வருகிறது.

சப்பானின் கோசிமாத் தீவில் 1953-இல் இளம் பெண்குரங்கு ஒன்று வள்ளிக்கிழங்கின் மண்ணை நீரில் கழுவித் தின்றது. விளையாட்டுத் தோழர்களும் தாயும் அதைக் கண்டு பழகினர். பின்பு குட்டிகள் தத்தம் தாயரிடம் கற்றன. மூத்த கடுவன்கள் பெரும்பாலும் கற்கவே இல்லை. மாந்தரிலும் அத்தகையோர் உளர்!

குரங்கு கண்டு கற்கிறது. மாந்தன் கண்டும் கேட்டும் கற்கிறான். கண்டதற்குச் சொல் வைப்பதால், ஒரு தலைமுறையின் அறிவின்மேல் அடுத்தது தன் அறிவை அடுக்குகிறது. இதற்குச் சான்று தேடிக் கடல்கடக்க வேண்டுவதில்லை. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் வாழும் இருளரே போதும். (திண்டிவனம் என்னும் பெயரே புளியங்காட்டைக் குறிக்கும் வடசொல்லின் திரிபென்பர். பாட்டிழந்த பறவை தொலைவில் இல்லை!)

வரப்பில் எலிவளையைக் கண்டதும் அதன் மறுவாய் எங்கே என்று இருளர் அறிவர். ஒரு வாயில் புகையூதி மறுவாயில் எலியைப் பிடிப்பர். எலி சேர்த்த நெல்லையும் தோண்டி எடுப்பர். மண்ணிற் பதிந்த தடங்கண்டு பாம்பு போன வழியைச் சொல்வர். எந்நூலிலும் படித்ததன்று இது; தாய்தந்தையர் பின்னே நடந்து, பார்த்து, வினவிப் பெற்றது.

1972-ஆம் ஆண்டின் காட்டுயிர்ச் சட்டத்திற்குப் பின் பாம்புத்தோல் வாணிகம் நின்றது. தொழில் போனால் அறிவும் போகும். அண்டைச் செங்கற்பட்டுப் பகுதியின் வடநெம்மேலியில் 1978-இல் அமைந்த இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவு அதைத் தடுத்தது. பாம்பைப் பிடித்து, நஞ்சு எடுத்து, மீண்டும் காட்டில் விடுகின்றனர். அந்நஞ்சிலிருந்து நஞ்சுமுறி மருந்து பிறக்கிறது. அப்பகுதி இருளரான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017-இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கே அழைக்கப்பட்டு மலைப்பாம்புகளைத் தேடிப் பிடித்தனர். 2023-இல் இருவருக்கும் தாமரைத்திரு விருது வழங்கப்பெற்றது.

விருது இருவருக்கு, ஏனையோர் நிலை என்ன? 1976-ஆம் ஆண்டுச் சட்டம் கொத்தடிமை முறையை ஒழித்தது. அதன் பின்னும் செங்கற்சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் மீட்கப்பட்ட இருளர் குடும்பங்கள் பல. சூளையில் கட்டுண்ட தந்தையின் பின்னே நடக்கும் சிறுவன் தடம் பார்க்கக் கற்பதில்லை. கல் அடுக்கவே கற்கிறான். இருளர் மகன் எலிவளையோடு நின்றுவிட வேண்டும் என்பதன்று கருத்து. அவன் மருத்துவனாகட்டும், பொறிஞனாகட்டும். தந்தையின் அறிவு இழிவானது என்று மட்டும் எவரும் அவனுக்குக் கற்பிக்கலாகாது.

திண்டிவனத்துத் தமிழாசிரியர்கள் ஒருநாள் மாணவரை வரப்பிற்கு அழைத்துச் செல்லலாம். இருளர் முதியவர் ஒருவர் முன்னே நடந்து, ஒவ்வொரு தடத்திற்கும் செடிக்கும் அவர் வழங்கும் பெயரைச் சொல்லட்டும்; மாணவர் எழுதிக்கொள்ளட்டும். அன்றைக்கு ஆசிரியரும் மாணவரோடு பின்வரிசையில் நடக்கலாம்.