ஔவை சண்முகமும் நம் பிள்ளைகளின் நாடகமும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

   

நடிகராகவும் நாடக ஆசிரியராகவும் ஒருங்கே விளங்கிய தி. க. சண்முகம் அவர்களைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றோம். 1912-ல் பிறந்த அவர், 1918-ல், ஏடும் எழுதுகோலும் பிடிக்க வேண்டிய ஆறாம் வயதில், மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகளின் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சேர்க்கப்பெற்றார். தந்தையார் கண்ணுசாமிப் பிள்ளை பெண் வேடத்தில் பெயர் பெற்ற நடிகர். சபையில் பாடம் பெரிதும் செவிவழியே நடந்தது. ஆசிரியர் சொல்வார், பிள்ளைகள் திருப்பிச் சொல்வர், நா பிறழ்ந்தால் மீண்டும் முதலிலிருந்து! சண்முகம் அபிமன்யுவாக நடிப்பதற்கென்றே சுவாமிகள் 'அபிமன்யு சுந்தரி'யை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது நாடக உலகம் நன்கறிந்த செய்தி.

1922-ல் சுவாமிகள் மறைந்தார். 1925-ல் சங்கரன், முத்துசாமி, சண்முகம், பகவதி என்னும் உடன்பிறந்தார் நால்வரும் சொந்தக் குழு கண்டனர். புராணத்தோடு நில்லாமல் 'குமாஸ்தாவின் பெண்' போன்ற சமூக நாடகங்களையும், பின்னர் 'இராஜராஜ சோழ'னையும் மேடையேற்றினர். என். எஸ். கிருஷ்ணனும் எஸ். வி. சகஸ்ரநாமமும் அக்குழுவில் இருந்தவர்களே.

1942-ல் வந்தது 'ஔவையார்'. அப்போது சண்முகத்திற்கு வயது முப்பது. ராஜபார்ட் வேடம் புனைந்து வாள் சுழற்ற வேண்டிய பருவம். அவரோ முதுகு கூனி, குரல் நடுங்க, கோலூன்றி மூதாட்டியாக மேடையேறினார். அவ்வேடமே அவர் பெயராயிற்று. 1973-ல் அவர் மறைந்த பின்னும் சென்னையில் ஒரு சாலை 'ஔவை சண்முகம் சாலை' என வழங்குகிறது. மீசை முறுக்கிய வீரர்கள் நிறைந்த மேடையில் ஒரு கிழவியின் பெயர் ஆடவர்க்குப் பட்டமானதை எண்ணுந்தோறும் எமக்கு வியப்பே. அவர் குழுவில் இளமையில் பயின்ற கமல்ஹாசன் 1996-ல் தம் படத்திற்கு 'அவ்வை சண்முகி' எனப் பெயரிட்டதை நம் பிள்ளைகளும் அறிவர்.

இதனை இங்கு ஏன் கூறுகின்றோம்? "நாடகத்தை விட்டுவிடுவோம், திரைப்பாட்டுக்கு நடனம் போதும். பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தே தெரியவில்லையே" என்பாரும் நம்மிடையே உளர். உண்மைதான். தெலுங்கும் இந்தியும் ஆங்கிலமும் பயிலும் நம் பிள்ளைகளிற் சிலர், தமிழ் வசனத்தைத் தெலுங்கு எழுத்திலேயே எழுதி வைத்து நெட்டுருச் செய்கின்றனர். அதனால் என்ன? சுவாமிகளின் சிறுவர்க்கும் செவியன்றோ முதற்பள்ளி! எழுத்து பின்னர் வரட்டும். நாவில் தமிழ் இப்போதே ஏறட்டும்.

ஆகவே வரும் ஆண்டு விழாவிற்கு ஔவையும் அதியமானும் தோன்றும் சிறு நாடகமொன்றை நாமே எழுதி நடத்தக் கருதியுள்ளோம். ஒத்திகை ஞாயிறு மாலைகளில். பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் வீட்டுப் பாட்டிமாரையும் உடன் அனுப்பி வைக்க வேண்டுகின்றோம். லகர, ளகர, ழகரம் திருத்த அவர்களைவிட ஏற்ற ஆசிரியர் இக்காலனியில் இல்லை. அதியமானுக்கு ஐந்து பேர் போட்டியிடுகின்றனர். ஔவைக்குத்தான் இன்னும் ஆள் கிடைக்கவில்லை.