மருத்துவரும் வண்டியோட்டிகளும்: ஹவானா திரைவிழாவை எழுப்பியவர்கள்

(பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில் தோழர்களிடையே நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



காவிரிச் சிக்கல் மூளும்போதெல்லாம் இந்நகரில் முதலில் நிறுத்தப்படுவன தமிழ்ப் படக் காட்சிகளே. 1991 டிசம்பரில் நடந்தவற்றை இங்குள்ள மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். பின்னி, ராஜா, மினர்வா ஆலைகளில் ஒரே கூரையின்கீழ்த் தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதும் பேசி வேலை செய்தவர்கள், திரையரங்க வாயிலுக்கு வந்ததும் எதிரெதிர் அணிகளாக்கப்பட்டனர். திரைப்படம் மக்களைப் பிரிக்கவும் பயன்படும், சேர்க்கவும் பயன்படும். சேர்ப்பதற்கென ஒரு கண்டமே முயன்ற வரலாறு ஒன்று உண்டு. அதன் முதற்பெயர் ஒரு குழந்தை மருத்துவருடையது.

அல்டோ ஃபிரான்சியா சிலி நாட்டின் துறைமுக நகரான வால்பரைசோவைச் சேர்ந்தவர். பாரிசில் ‘சைக்கிள் திருடர்கள்’ என்ற இத்தாலியப் படத்தைப் பார்த்தது அவரைத் திரைப்படத்தின் பக்கம் திருப்பியது. அதே காலத்தில், 1950இல், லண்டனில் அதே படத்தைப் பார்த்துத் தம் வழியைத் தேர்ந்துகொண்டவர் சத்யஜித் ராய். ரோம் நகரத் திரைப்படப் பள்ளியிலோ அர்ஜென்டினாவின் ஃபெர்னான்டோ பிர்ரி, கியூபாவின் தோமாஸ் குதியெரஸ் அலேயா, ஹூலியோ கார்சியா எஸ்பினோசா ஆகியோர் அப்பள்ளியின் பாடத்தைக் கற்றுக்கொண்டிருந்தனர். போரில் நொறுங்கிய ஒரு நாட்டின் வேலையற்ற தொழிலாளியின் கதை மூன்று கண்டங்களுக்கு விதையானது.

ஃபிரான்சியா பகலில் குழந்தைகளுக்கு மருத்துவம் பார்த்தார். மற்ற நேரத்தில் அருகிலுள்ள வின்யா டெல் மார் நகரில் திரைப்படச் சங்கம் நடத்தினார். அந்தச் சங்கத்தின் முயற்சியால் 1967இல் லத்தீன் அமெரிக்கத் திரைக்கலைஞர்களின் முதல் பெருஞ்சந்திப்பு அங்கு நிகழ்ந்தது. அதுவரை பிரேசில்காரர் அர்ஜென்டினப் படத்தைப் பார்க்க ஐரோப்பிய விழாவுக்குப் போகவேண்டியிருந்தது. அண்டை நாட்டார் ஒருவரையொருவர் அறிய ஹாலிவுட் விநியோகஸ்தர்கள் இடம் விடவில்லை. ஃபிரான்சியா 1969இல் எடுத்த ‘வால்பரைசோ, என் அன்பே’ என்ற படம், பிள்ளைகளின் பசிக்காக மாடு திருடிச் சிறைசென்ற ஒரு தகப்பனையும், தெருவில் விடப்பட்ட அவர் பிள்ளைகளையும் பற்றியது. குழந்தைகளின் நோய்க்கு வேர் எங்கே இருக்கிறதென்பதை அந்த மருத்துவர் நன்கறிவார்.

1973 செப்டம்பர் 11 அன்று பினோசெத் ஆயுதமேந்தி ஆட்சியைக் கவிழ்த்தார். விழா நின்றது. ஃபிரான்சியா மீண்டும் படமெடுக்கவில்லை. மருத்துவத் தொழிலுக்கே திரும்பினார். ‘சிலியின் போர்’ என்ற மாபெரும் ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர் ஹோர்ஹே முல்லெர், 1974 நவம்பரில் தம் துணைவியான நடிகை கார்மென் புவேனோவுடன் பிடித்துச் செல்லப்பட்டார். இருவரும் திரும்பவேயில்லை. அவர் படம்பிடித்த சுருள்கள் மட்டும் சுவீடன் தூதரகத்தின் உதவியால் நாட்டைவிட்டு வெளியேறின. இயக்குநர் பத்ரீசியோ குஸ்மான் அவற்றை ஹவானாவில் தொகுத்து முடித்தார்.

பெங்களூருக்காரர்கள் இதைத் தொலைவிலுள்ள கதையாகக் கேட்க இயலாது. கன்னடத்தின் புதிய சினிமாவைத் தொடங்கிவைத்த ‘சம்ஸ்கார’ (1970) படத்தின் நாயகி சினேகலதா ரெட்டி நெருக்கடி நிலையின்போது இந்நகரின் மத்தியச் சிறையில் அடைக்கப்பட்டார். ஆஸ்துமாவால் வாடிய அவர் 1977 ஜனவரியில் வெளிவந்த சில நாள்களில் இறந்தார். அந்தப் படத்தின் பிறப்பையும் நினைவுகூர வேண்டும். கதை கன்னடம், யு.ஆர். அனந்தமூர்த்தியுடையது. இயக்குநர் பட்டாபிராம ரெட்டி தெலுங்கர். ஒளிப்பதிவாளர் டாம் கோவன் ஆஸ்திரேலியர். திரைக்கதை எழுதி நடித்த கிரீஷ் கர்னாட் அப்போது சென்னையில் பதிப்பகம் ஒன்றில் பணியாற்றிக்கொண்டிருந்தார். கலை இயக்கம் சோழமண்டல ஓவியர் கிராமத்தைச் சேர்ந்த எஸ்.ஜி. வாசுதேவ். சென்னையின் ‘மெட்ராஸ் பிளேயர்ஸ்’ நாடகக் குழுவினர் கூடி எடுத்த படம் அது. தமிழ் எதிர் கன்னடம் என்று கூச்சலிடுவோருக்கு இந்தப் பெயர்ப்பட்டியலை எவரும் வாசித்துக் காட்டுவதில்லை.

சிலியில் மூடப்பட்ட கதவு 1979 டிசம்பரில் ஹவானாவில் திறந்தது. புதிய லத்தீன் அமெரிக்கத் திரைப்பட விழா அங்கு ஆண்டுதோறும் நடக்கலாயிற்று. அதன் பின்னால் இருபதாண்டு உழைப்பு இருந்தது. புரட்சி வென்று மூன்றே மாதங்களில், 1959 மார்ச்சில், கியூபா தன் திரைப்பட நிறுவனத்தைச் சட்டத்தின்மூலம் நிறுவியது. தலைமையேற்றவர் ஆல்ஃபிரெடோ கெவாரா. (சே குவேராவுக்கு உறவினரல்லர்.) படம் எடுப்பதோடு அவர்கள் நிற்கவில்லை. புரொஜெக்டரும் ஜெனரேட்டரும் ஏற்றிய லாரிகள் மலைக் கிராமங்களுக்குச் சென்றன. ஒக்தாவியோ கோர்தாசர் 1967இல் எடுத்த ‘முதன்முறையாக’ என்ற பத்து நிமிட ஆவணப்படத்தில், திரைப்படத்தையே அறியாத கிராமத்தார் சாப்ளினின் ‘மாடர்ன் டைம்ஸ்’ பார்க்கும் முகங்கள் பதிவாகியுள்ளன. விழாவைக் கட்டியவர்கள் என்று சொல்லும்போது இயக்குநர்களை மட்டும் எண்ணுவது தவறு. அந்த லாரியை ஓட்டியவர்களும் அவர்களே.

அந்நிறுவனம் பிழையே செய்யாததன்று. 1961இல் ஹவானாவின் இரவு வாழ்க்கையைக் காட்டிய ‘பி.எம்.’ என்ற குறும்படத்தைத் தடைசெய்தது. அன்று எதிர்ப்புத் தெரிவித்தோரில் பலர் புரட்சியை வரவேற்றவர்கள். இதை மறைத்துப் பேசுவது இடதுசாரிகளுக்கு அழகன்று.

இன்னொரு சிக்கலும் இருந்தது. ஸ்பானியம் அக்கண்டத்தை இணைக்கும் மொழி. வந்தேறிய ஆண்டானின் மொழியும் அதுவே. பொலிவியாவின் ஹோர்ஹே சான்ஹினேஸ் 1969இல் வெளிவந்த ‘யாவர் மால்கு’ படத்தை கெச்சுவா மக்களிடையே எடுக்கப் போனார். கிராமத் தலைவரின் சம்மதம் மட்டும் போதுமென்று எண்ணியிருந்தார். ஊரார் ஒத்துழைக்கவில்லை. கோகா இலைகளைப் போட்டுக் குறிகேட்ட ஓர் இரவுச் சடங்குக்குப் பிறகே அவர்கள் இசைந்தனர். பழங்குடிப் பெண்களுக்கு அவர்கள் அறியாமலே அமெரிக்கர்கள் கருத்தடை செய்ததாகக் குற்றஞ்சாட்டிய படம் அது. அமெரிக்க ‘அமைதிப் படை’ 1971இல் பொலிவியாவிலிருந்து வெளியேற்றப்பட்டதற்கு அது எழுப்பிய சினமும் ஒரு காரணம்.

1986இல் ஹவானாவுக்கு அருகே சான் அந்தோனியோ தே லோஸ் பான்யோஸ் என்ற ஊரில் பன்னாட்டுத் திரைப்படப் பள்ளி திறக்கப்பட்டது. காப்ரியேல் கார்சியா மார்க்வெஸ் அதைத் தோற்றுவித்தோரில் ஒருவர். பிர்ரி முதல் இயக்குநர். லத்தீன் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, ஆசியா என்ற மூவுலகங்களின் பள்ளியென்றே அதை அழைத்தனர். அதற்கு நான்காண்டு முன்பு, 1982இன் கான் விழா நடுவர் குழுவில் மார்க்வெசின் அருகே நம் மிருணாள் சென் அமர்ந்திருந்தார்.

அந்தக் காற்று கேரளத்தை நன்றாகவே எட்டியது. கேரளப் பன்னாட்டுத் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவு ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்கப் படங்களுக்கே உரியது. 2019 டிசம்பரில் அவ்விழா அர்ஜென்டினாவின் ஃபெர்னான்டோ சொலானாசுக்கு வாழ்நாள் சாதனையாளர் விருதளித்தது. அரசுச் சொத்துகள் தனியாருக்கு விற்கப்படுவதைக் கண்டித்ததற்காக 1991இல் காலில் சுடப்பட்டவர் அவர். மறு ஆண்டே கொரோனாவுக்குப் பலியானார்.

சொலானாசும் ஒக்தாவியோ கெதினோவும் 1968இல் முடித்த ‘உலைகளின் நேரம்’ நான்கு மணி நேரத்துக்கும் மேற்பட்டது. ராணுவ ஆட்சியில் அதைத் திரையரங்கில் காட்ட இயலாது. தொழிலாளர் வீடுகளிலும் சங்க அறைகளிலும் ரகசியமாகக் காட்டினர். பார்க்க வந்ததற்கே கைது செய்யப்படலாம் என்று தெரிந்தும் மக்கள் வந்தனர். படத்தின் நடுவில் புரொஜெக்டரை நிறுத்திவிட்டு விவாதிப்பதற்கென்றே இடைவெளிகள் விடப்பட்டிருந்தன. வீட்டுக்காரர் நாற்காலிகளை நகர்த்துவார், தேநீர் வரும், யாரேனும் ஒருவர் பேசத் தொடங்குவார். பேச்சு முடிந்தபிறகே அடுத்த சுருள் ஓடும்.