எந்தப் பேனா உசத்தி?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)



பி.காம். படித்து, வங்கியில் குமாஸ்தாவாக லெட்ஜர் எழுதி ஓய்வு பெற்றவனுக்கு கம்ப்யூட்டர் புரோகிராமர்களைப் பற்றி என்ன பேச்சு என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் இருக்கிறது.

போன தீபாவளிக்கு மகனும் மருமகளும் வந்திருந்தார்கள். இருவரும் மென்பொருள் துறை. பலகாரம் சாப்பிடும்போதே "விம்தான் வேகம்", "ஈமாக்ஸில் முடியாதது எது?" என்று வாக்குவாதம். குடும்பச் சண்டையோ என்று என் மனைவி பயந்துவிட்டாள். விசாரித்தால், இரண்டும் புரோகிராம் எழுத உதவும் டெக்ஸ்ட் எடிட்டர்களாம். நமக்குப் பேனா மாதிரி!

இந்தச் சண்டையின் வேர் 1976-ல், அமெரிக்காவில் இருக்கிறது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர் பில் ஜாய் எழுதியது 'விஐ'. அவருடைய மோடம் நொடிக்குச் சுமார் 30 எழுத்துதான் அனுப்பும். அதனால் கட்டளைகளைச் சுருக்கமாக வைத்தார். 'டி' விசையை இரண்டு முறை தட்டினால் ஒரு வரியே போய்விடும். ஆனால் எழுதத் தொடங்க 'ஐ' விசை, மறுபடி கட்டளை கொடுக்க 'எஸ்கேப்' விசை. புதியவர்கள் வெளியே வரும் வழி தெரியாமல் முழிப்பார்கள். இதன் வாரிசுதான், நெதர்லாந்துக்காரர் பிராம் மூலெனார் 1991-ல் வெளியிட்ட விம்.

அதே 1976-ல் எம்ஐடியில் ரிச்சர்ட் ஸ்டால்மன் முதலானோர் உருவாக்கியது ஈமாக்ஸ். இதில் கண்ட்ரோல் விசையோடு மற்ற விசைகளைச் சேர்த்து அழுத்த வேண்டும். வேண்டிய வசதியை நாமே எழுதிச் சேர்க்கலாம். மின்னஞ்சல் படிக்கலாம், டெட்ரிஸ் விளையாட்டுகூட உண்டு.

இதற்கு ஏனம்மா சண்டை என்று கேட்டேன். "பல வருஷம் பழகினது விரல்ல இறங்கிடுது மாமா. மாறினா முதல்லேர்ந்து கத்துக்கணும்" என்றாள் மருமகள்.

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் கிளைக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது, "இது கணக்கைத் தப்பாகப் போடும்" என்று வாதாடியவன் நான். உண்மையில் பயந்தது வேறு எதற்கோ. 15 வருஷக் கைத்திறமை ஒரே நாளில் செல்லாக்காசாகிவிடுமோ என்றுதான்.

மகன் இன்னொன்றும் சொன்னான். விம்மில் எழுதிய கோப்பை ஈமாக்ஸில் அப்படியே திறக்கலாம். வெறும் எழுத்துதானே! சண்டை போடும் இருவரும் ஒரே கோப்பில் வேலை செய்ய முடிகிறது.

இப்போது நம் விஷயம். பராமரிப்புக் கட்டணக் கணக்கை நோட்டில்தான் எழுதுவேன் என்று இரண்டு வருஷமாக நான் மல்லுக்கட்டியது உங்களுக்குத் தெரியும். சென்ற மாதம் நான் மருத்துவமனையில் இருந்தபோது என் சுருக்கக் குறிப்புகள் யாருக்கும் புரியவில்லை. நம் காவலாளியின் சம்பளம் பத்து நாள் தள்ளிப்போனது. அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், உங்களிடமும் கேட்கிறேன்.

நோட்டை இன்று ஒப்படைக்கிறேன். எந்த மென்பொருள் என்று இளைஞர்களே முடிவு செய்யட்டும். ஒரே ஒரு வேண்டுகோள்: நாளை பொறுப்புக்கு வருபவர் யாராக இருந்தாலும் திறந்து படிக்கிற மாதிரி கணக்கு இருக்கட்டும். பேனா அவரவர் விருப்பம்; கணக்கு நம் எல்லோருக்கும் பொது.