ஆங்கிலத்தில் நாம் வழுக்கும் சொற்கள்

(கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில், பணி ஓய்வு பெற்ற உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)

நான் இலக்கணம் பற்றிப் பேசப் போவதில்லை. இலக்கணத்தில் நம்மவர்கள் கெட்டிக்காரர்கள்தான். வழுக்குவது சொற்களில். அப்படி வழுக்கி விழுந்தவன் என்ற ஒரே தகுதியில் இங்கே நிற்கிறேன்.

1974-ல் வடக்கே ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். ஒரு காண்ட்ராக்டர் கொடுத்த பில்லில் தொகை திருத்தப்பட்டிருப்பதாகத் தோன்றியது. "ஐ டவுட் தட் தி ஃபிகர்ஸ் ஹாவ் பீன் ஆல்டர்டு" என்று குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். திருத்தியிருப்பார்களோ என்று சந்தேகப்படுகிறேன் என்பது என் எண்ணம். ஆங்கிலத்தில் அதற்கு நேர் எதிர்ப்பொருள்: திருத்தியிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை! மேலதிகாரி அப்படியே எடுத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். பணம் பட்டுவாடா ஆயிற்று. பிறகு ஆடிட்டில் விஷயம் வெளிவந்தது. எனக்கு மெமோ, ஒரு வருஷ இன்க்ரிமென்ட் போயிற்று. நான் எழுதியிருக்க வேண்டிய சொல் 'சஸ்பெக்ட்'.

காரணம் என்ன? தமிழில் 'சந்தேகம்' என்ற ஒரே சொல் இரண்டுக்கும் போதும். வகுப்பில் கேள்வி கேட்பதும் நமக்குச் சந்தேகம்தான். வெளிநாட்டு அதிகாரியிடம் "ஐ ஹாவ் எ டவுட்" என்றால், தன் பேச்சை நம்பவில்லை என்று அவர் நினைக்கக்கூடும். "ஐ ஹாவ் எ கொஸ்டின்" என்று கேளுங்கள்.

இதே ஜாதித் தவறுகள் இன்னும் உண்டு. ஞாபகம் நமக்கே வந்தால் 'ரிமெம்பர்'. பிறருக்கு ஞாபகப்படுத்தினால் 'ரிமைண்ட்'. கடன் வாங்குவது 'பாரோ', கொடுப்பது 'லெண்ட்'. கண்ணில் படுவது 'ஸீ'. திரும்பிப் பார்ப்பது 'லுக்'. தொடர்ந்து கவனிப்பது 'வாட்ச்'. திருடன் நகையை 'ஸ்டீல்' செய்வான். பாங்கை 'ராப்' செய்வான்.

அடுத்தது, வேண்டாத ஒட்டுகள். 'டிஸ்கஸ்' என்பதற்குள்ளேயே 'பற்றி' அடக்கம், 'அபவுட்' வேண்டாம். 'ரிடர்ன்' என்றால் 'பேக்' வேண்டாம். லக்கேஜ், ஃபர்னிச்சர், இன்ஃபர்மேஷன் மூன்றுக்கும் எத்தனை இருந்தாலும் 'எஸ்' ஒட்டாது.

நம் நாட்டுப் பிரயோகம் எல்லாமே தப்பு என்றும் சொல்லமாட்டேன். 'ப்ரிபோன்' ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே ஏறிவிட்டது. 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்' இங்கே எல்லோருக்கும் புரியும், லண்டனில்தான் விழிப்பார்கள். 'கஸின் பிரதர்' என்கிறோம். அவர்களுக்குக் 'கஸின்' மட்டுமே. சித்தப்பா பிள்ளை, அத்தான், அம்மாஞ்சி, அத்தங்காள் எல்லோரும் அதில் அடக்கம். உறவுச் சொல்லில் ஏழைகள் அவர்கள்தான்!

குழந்தைகளுக்கு ஒரு யோசனை. புதுச் சொல்லுக்கு எதிரே தமிழ் அர்த்தத்தை மட்டும் எழுதி வைக்காதீர்கள். அந்தச் சொல் வரும் முழு வாக்கியத்தை எழுதி, இரண்டு தரம் வாய்விட்டுச் சொல்லுங்கள். பெரியவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: குழந்தை தப்பாகப் பேசினால் சிரிக்காதீர்கள். சிரித்தால் தப்பு திருந்தாது, வாய்தான் மூடிக்கொள்ளும்.

என் இன்க்ரிமென்ட் போனது போனதுதான். இங்கே உட்கார்ந்திருக்கும் எவருக்கும் ஒரு சொல்லால் அப்படிப் போக வேண்டாம்.